காலிலிருந்து வந்தவர்கள்

எண்பதுகளின் கடைசியில் முகப்பேர் ஹவுசிங் போர்டு ஃப்ளாட்டில் இருந்தோம். கோடை விடுமுறையில் எதிர்வீட்டுக்காரர் பிள்ளைகளை மொட்டைமாடியில் உட்காரவைத்துச் சாமிக் கதை சொல்வார். ஒருநாள் என் மகள் வந்து கேட்டாள்.

"கடவுள் உலகத்தைப் படைச்சப்ப நாம அவரு கால்லேர்ந்து வந்தோமாம்மா? மாமா என்னைக் காட்டிச் சொன்னாரு. அவங்க ஊட்டுப் பசங்க வாய்லேர்ந்து வந்தாங்களாம்."

என் அப்பா திருமழிசையில் கூலிக்கு ஏர் ஓட்டியவர் என்பது எதிர்வீட்டுக்காரருக்குத் தெரியும். அன்று குளிக்கும்போது மகள் தன் பாதங்களையே போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நேரே எதிர்வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"புஸ்தகத்துல இருக்கறதைத்தான் சொன்னேன். கால்னா மட்டமா? கால் இல்லாம யாராவது நிக்க முடியுமா?" என்று சிரித்தார்.

"அப்போ நாமளும் கால்லேர்ந்துதான் வந்தோம்னு உங்க பசங்களுக்குச் சொல்லுங்க."

அவர் சிரிப்பு நின்றது. கதவைச் சாத்திக்கொண்டார்.

"எல்லாரும் அவங்கவங்க அம்மா வயித்துலேர்ந்துதான் வந்தாங்க" என்று மகளிடம் சொன்னேன்.

"உலகம்?"

"அது எனக்குத் தெரியாது."

அவளை மறுபடி மாடிக்கு அனுப்பவில்லை. அந்த வீட்டைக் காலிசெய்யும்வரை, அவர் படியில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன்.