தாளிக்காத டின் மீன்

மஸ்கட்டில், ரூவி பகுதியில் ஒரு கட்டுமான அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலை பார்த்தேன். அடுத்த மேஜையில் ஒரு ஸ்பெயின்காரி. லீவு முடிந்து திரும்பும்போது அவள் பெட்டியில் பாதி டின் மீன்தான் இருக்கும்.

நான் தூத்துக்குடிக்காரி, துள்ளத் துள்ள மீன் தின்று வளர்ந்தவள். டின் மீன் என்றால் சமைக்கச் சோம்பல்படும் பேச்சிலர்களின் சாப்பாடு என்றுதான் எனக்கும் எண்ணம். ஒரு மதியம் அவள் ஒரு டின்னைத் திறந்து என் பக்கம் தள்ளினாள். ஆலிவ் எண்ணெயில் நெருக்கி அடுக்கிய குட்டிச் சாளைகள். ரொட்டியில் வைத்துத் தின்றேன். கேட்காமலே இன்னொன்று எடுத்தேன்.

அவள் ஊரில் விருந்தாளி வந்தால்தான் நல்ல டின்னைத் திறப்பார்களாம். சிலதை வருஷக்கணக்கில் எண்ணெயில் ஊறவிட்டுத் தின்பார்களாம். சாளையும் வினிகரில் ஊறிய கடல்சிப்பியுமாக எனக்கு ஆறு டின் கொடுத்தாள்.

லீவு நாளான வெள்ளிக்கிழமைகளில் நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடுவோம். ஆண்கள் பெப்சி வாங்கி வருவார்கள். பெண்கள் ஆளுக்கொன்று சமைத்து வர வேண்டும். வியாழன் அரைநாள் டூட்டி முடித்து, மீதி நாளெல்லாம் அடுப்படியில் நின்று நின்று எனக்கு வெறுத்துப் போயிருந்தது. அந்த வாரம் நான் சமைக்கவில்லை. நாலு டின், ரொட்டி, சிப்ஸ், குத்தி எடுக்கப் பல்குச்சி. அவ்வளவுதான்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்றார் அந்த வீட்டு அக்கா.

"நல்லாத்தான் இருக்கேங்க்கா. இதை இப்படியே சாப்பிடணும்."

"அய்யே! கொடு, வெங்காயம் மிளகாய்த்தூள் போட்டு ஒரு பிரட்டு பிரட்டித் தர்றேன்."

கடல்சிப்பி டின்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பின்னாலேயே போனேன். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அவர் கையிலிருந்து டின்னை வாங்கிக்கொண்டேன்.

"வேண்டாங்க்கா. தாளிச்சா இது வேற சாமானாயிடும்."

"அப்புறம் யாரு இதைத் தின்பா?"

"நான் தின்பேன்."

ஹாலில் எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்து தின்றேன். என் வீட்டுக்காரர் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காது சுட்டது, முதல் இரண்டு சிப்பியின் ருசியே தெரியவில்லை. மூன்றாவதில்தான் அந்தக் காடிப் புளிப்பும் லேசான காரமும் நாக்கில் ஏறின. என் வீட்டுக்காரரின் நண்பர் ஒருவர் தயங்கித் தயங்கி ஒரு சாளையை எடுத்தார்.

"பேச்சிலரா இருந்தப்ப டின் மீன் தின்னு அலுத்துப் போனவன் நான். இது அது இல்லையே!" என்று அந்த டின்னைக் காலி செய்தார். அவர் மனைவி என்னை முறைத்தார்.

காரில் ஏறியதும் என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். "மானம் போச்சு. ஒரு சாம்பாராவது வச்சிருக்கலாம்."

"நீங்க வச்சிருக்கலாமே."

அவர் ரேடியோ சத்தத்தைக் கூட்டினார்.

அடுத்த வாரம் அக்கா போன் செய்தார். "நீ ஒண்ணும் கொண்டு வர வேண்டாம்மா, சும்மா வா." குரலில் இரக்கம் மாதிரி ஏதோ இருந்தது. மீதி இரண்டு டின்னையும் எடுத்துக்கொண்டுதான் போனேன். யாரோ அதை மேஜை ஓரத்துக்குத் தள்ளி வைத்தார்கள். நான் பிரியாணிச் சட்டிக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்து, மூடி வளையத்தை இழுத்தேன்.