பச்சையாகிவிட்ட மூன்று பாத்திகள்: நானோ உரச் சோதனைக்காகக் கடலூரும் சிதம்பரமும்

கார்த்திகையில் இரண்டு மழைக்கு நடுவே நான்கு நாள் வெயில் கிடைத்தது. அதில் இரண்டு நாளை எடுத்துக்கொண்டு கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் போய்வந்தேன். சுற்றுலா இல்லை. சென்னையில் ஓர் ஆய்வகத்தில் நானோ உரம் தயாரிக்கும் வேலையில் இருக்கிறேன், முனைவர் பட்டத்துக்கு நான்காம் ஆண்டு. எங்கள் உரம் இப்போது இரண்டு இடங்களில் சோதனையில் இருக்கிறது. நெல்லிக்குப்பத்துக்கு அருகே கரும்பில், சிதம்பரத்துக்குக் கிழக்கே நெல்லில். இதேபோல் வயல் பார்க்கப் போகவிருக்கும் இரண்டு மாணவிகள் வழியும் செலவும் கேட்டு எழுதியிருந்தார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

உரத்தைப் பற்றிச் சுருக்கமாக. யூரியாவை வயலில் வீசினால் அதில் நிறையப் பயிருக்குப் போவதில்லை. தண்ணீரோடு வடிகாலுக்கும் ஆவியாகிக் காற்றுக்கும் போய்விடுகிறது. தலைமுடித் தடிமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கே இருக்கும் துகள்களின் மேல் யூரியாவை ஒட்டவைத்து, அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்படி செய்யப் பார்க்கிறோம். பலித்தால் குறைந்த யூரியாவே போதும். ஆய்வகத்தில் பலித்துவிட்டது. வயலில் பலிக்கிறதா என்று தெரிய வேண்டும். போன சம்பாவை வெள்ளம் கொண்டுபோனது. இந்தச் சம்பாவும் கைவிட்டால் எனக்கு இன்னும் ஒரு வருடம்.

கிளாம்பாக்கத்தில் காலை 5.20 பேருந்து. கடலூருக்கு 205 ரூபாய், நாலேகால் மணி நேரம். முன்பு இந்தப் பயணத்துக்கு இரண்டு பேர் போவோம். கூட வேலை செய்த தோழி ஆடி மாதம் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டாள். ஜன்னல் சீட்டுக்கு யாரோடும் போட்டியில்லை என்பது முதல் ஒரு மணி நேரம் நன்றாகத்தான் இருந்தது.

கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம் பன்னிரண்டு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கரும்பு வயலில் எல்லாம் சரியாக இருந்தது. இலை மாதிரிகள் எடுத்தேன், பைகளில் எண் எழுதினேன், ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. திரும்பி வந்து பேருந்து நிலையத்துக்கு அருகே 800 ரூபாய்க்கு ஓர் அறை. மாலை மூன்று கிலோமீட்டர் நடந்து தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனேன். கரையில் எல்லாரும் யாரையாவது படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் என்னிடம் போனைக் கொடுத்து, “அக்கா, ஒண்ணே ஒண்ணு” என்றாள். அவளோடு சேர்த்து ஐந்து பேரையும் எடுத்துக்கொடுத்தேன். கண் மூடியவர்களுக்காக இன்னொன்றும் எடுத்தேன்.

மறுநாள் காலை 6.45க்குச் சிதம்பரம் பேருந்து. நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். நிலையத்துக்கு வெளியே இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் ஐம்பது ரூபாய். கொத்சுக்காகவே இன்னொரு இட்லி வாங்கலாம்.

வயல் ஒன்பது கிலோமீட்டர். ஊர்ப் பெயரை எழுதவில்லை, வயல்காரர்களிடம் அதற்கு அனுமதி கேட்கவில்லை. ஆட்டோ 250 ரூபாய்.

“பிச்சாவரம் போட்டிங்குக்கா?” என்றார் ஓட்டுநர்.

“இல்லண்ணா, அதுக்கு முன்னாடியே. ஒரு வயலுக்கு.”

“வயலுக்கா? தனியாவா? வயல்ல இன்னா வேலை ஒங்களுக்கு?”

நானோ உரம் என்றேன். சிரித்தார். “எங்க மாமா அத வாங்கி அடிச்சாரு. பாட்டில்ல வருதா, பூச்சி மருந்துன்னு நெனச்சிட்டாரு. ஒரு பூச்சிகூட சாவலன்னு கடைக்காரர்கிட்ட ஒரே சண்ட. அப்புறம் பார்த்தா பயிர் நல்லா வந்திருக்கு, பூச்சியும் நல்லா வந்திருக்கு.”

அந்த வயலில் மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு பாத்தி. ஒன்றில் முழு யூரியா, ஒன்றில் பாதி யூரியா, ஒன்றில் எங்கள் உரம், ஒன்றில் எதுவும் இல்லை. இந்தக் கடைசிப் பாத்திதான் கணக்குக்கு அடிப்படை. மண் தானாக எவ்வளவு கொடுத்தது என்று தெரிந்தால்தான் உரம் கொடுத்தது எவ்வளவு என்று கழித்துப் பார்க்க முடியும். அதனால் அது பட்டினி கிடக்க வேண்டும், வெளுக்க வேண்டும். பதினைந்து நாள் முன்பு வந்தபோது நன்றாக வெளுத்திருந்தது.

வரப்பில் இறங்கியதும் ஏதோ சரியில்லை என்று பட்டது. பன்னிரண்டு பாத்தியில் வெளிறியது எது என்று தேட வேண்டியிருந்தது. இலை வண்ண அட்டையை எடுத்தேன். வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை ஆறு பட்டை உள்ள அட்டை, இலையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். போன முறை இரண்டாம் பட்டையில் இருந்த இலை இப்போது நாலாம் பட்டையில் இருந்தது. மூன்று வரிசையிலும் அப்படியே. தண்ணீர் ஒரு பாத்தியிலிருந்து இன்னொன்றுக்குப் போயிருக்குமோ என்று வரப்புகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எங்கும் உடைப்பு இல்லை.

வயல்காரர் டிராக்டர் ஓட்டப் போயிருந்தார். அவர் மனைவி செல்வி, நாற்பது வயதிருக்கும், களைக்கொத்தோடு வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே ஆரம்பித்தார்.

“இப்ப எப்புடி இருக்கு மேடம்? அது மூணும் சோகை புடிச்ச மாதிரி கெடந்திச்சே. நான்தான் ஆளுக்கு ரெண்டு கை யூரியா போட்டன்.”

அட்டையைப் பைக்குள் வைத்தேன். “ஏங்க்கா?”

“ரோட்டு மேல கெடக்குற வயலு. போறவன் வர்றவன்லாம் இவர கிண்டல் பண்றான், ‘இன்னா மச்சான், வயலுக்கு மஞ்சக்காமாலையா’ன்னு. அதகூட விடுங்க. நீங்க பாவம் அவ்ளோ தூரத்துலேந்து தனியா வர்றீங்க. ஒங்க மருந்து வேலை செய்யலன்னு சொல்லிட்டா ஒங்க படிப்பு இன்னா ஆவறது? அதான் போட்டன்.”

எனக்காகத்தான் போட்டிருக்கிறார். வெளுத்த பாத்தியில் இருப்பதுதான் என் மருந்து என்று நினைத்திருக்கிறார். நினைக்காமல் என்ன செய்வார்? பலகைகளில் நான் எழுதியிருந்தது ஆங்கில எழுத்தும் எண்ணும். எல்லாவற்றையும் அவர் கணவரிடம் ஒருமுறை விளக்கிக் கையெழுத்து வாங்கினேன். தினமும் வயலில் நிற்பவர் செல்வி. இதற்கு முன் ஐந்து முறை வந்திருக்கிறேன். அவரிடம் தண்ணீர் வாங்கிக் குடித்ததைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை. வந்தோமா, அளந்தோமா, பஸ்ஸைப் பிடித்தோமா என்று இருப்பது எனக்கு வசதி. அதைத் திறமை என்றுகூட நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றும் சொல்லாமல் கிளம்பலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. இது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். இன்றைய எண்களை விட்டுவிட்டு, போன முறை எண்களை வைத்து ஏதாவது ஒப்பேற்ற முடியும் என்பதும் தெரியும். வரப்பிலேயே உட்கார்ந்து குறிப்பேட்டில் எழுதினேன்: எதுவும் போடாத பாத்திகள் மூன்றிலும் யூரியா இடப்பட்டுள்ளது, சோதனை செல்லாது. எழுதிய பிறகு செல்வியிடம் விளக்கினேன். ஏன் ஒன்று பட்டினி கிடக்க வேண்டும், அது தேறிவிட்டால் என் மருந்துதான் மட்டமாகத் தெரியும் என்று.

அவர் களைக்கொத்தைக் கீழே வைத்தார். “அப்ப நானே கெடுத்துட்டனா?”

“நான் சொல்லியிருக்கணும்க்கா.”

“சொல்லியிருந்தா போட்டிருக்க மாட்டனே.” பாத்திகள் பக்கம் திரும்பினார். “இப்ப இன்னா செய்வீங்க?”

“இன்னும் ஒரு வருஷம்.”

“வூட்ல திட்டுவாங்களா?”

“திட்ட மாட்டாங்க. எப்ப முடியும்னு கேப்பாங்க.”

“அது அதவிட ஜாஸ்தியாச்சே,” என்றார். பிறகு, “அடுத்த வருஷமும் இங்கயே போடுங்க. ஆனா ரோட்டோரம் வேணாம், உள்ளாற போடுங்க. போர்டுல தமிழ்ல எழுதுங்க, வேணும்னேதான் பட்டினி போட்டிருக்குன்னு. எல்லாருக்கும் என்னால பதில் சொல்லிக்கினு இருக்க முடியாது.”

பதினொன்றரைக்கு ஆட்டோ. சிதம்பரம் நிலையத்தில் உட்கார்ந்து வழிகாட்டிப் பேராசிரியருக்கு நடந்ததை எழுதினேன். சீர்காழி வண்டி ஒன்று புறப்படுவதற்குள் பதில் வந்துவிட்டது: ‘சரி. அடுத்த சம்பாவில் மறுபடி.’ சென்னைக்கு 265 ரூபாய், ஆறு மணி நேரம். ஒருவரையாவது கூப்பிட்டுச் சொல்லலாம் என்று தொடர்பு எண்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். மரக்காணம் தாண்டிப் போனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

போகிறவர்களுக்கு. ஆட்டோவைத் திரும்பவும் வரச்சொல்லிப் பேசிக்கொள்ளுங்கள், அந்தச் சாலையில் காலி வண்டி கிடைக்காது. இரண்டு நாளுக்கு மாதிரிப் பைகள், சாப்பாடு உட்பட எனக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் ஆனது. கார்த்திகையில் மாற்றுச் செருப்பு வேண்டும். கையெழுத்துப் போட்டவரோடு நிறுத்திவிடாதீர்கள், வயலில் தினமும் நிற்பவர் யாரென்று கேளுங்கள். அவரோடு உட்கார்ந்து, எந்தப் பாத்தி ஏன் வெளுக்கும் என்று சொல்லிவிட்டு, அவருடைய எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். நான் ஆறாவது பயணத்தில்தான் வாங்கினேன்.

போன ஞாயிறு அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. “மேடம், செம மழை. வாய்க்கால் ரொம்பிடுச்சி. பயிர் மூழ்கல,” என்றார் செல்வி. அந்தப் பாத்திகள் இனிக் கணக்கில் இல்லை என்று அவருக்கும் தெரியும். நான் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று கேட்டேன், அவர் முழங்கால் அளவு என்றார். சாப்பிட்டீங்களா என்றார், சாப்பிட்டேன் என்றேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது, அன்றைக்கு அதுவரை நான் யாரோடும் பேசியிருக்கவில்லை. அப்போது மாலை ஐந்து மணி.