கான்டசா மேல் மஞ்சள் பெருக்கல் குறி

சேரப்பணஞ்சேரியில் எங்கள் தெருவிலேயே முதலில் கார் வாங்கியவர் மெர்சி அக்கா. இதைச் சொன்னால் இன்றைக்கும், "அவங்க வூட்டுக்காரரா?" என்று என்னைத் திருத்துகிறார்கள். இல்லை. அக்காவுக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது அவர் பெயர். வயது நாற்பத்தொன்று. வல்லம் வடகாலில் கார் சீட்டு செய்யும் கம்பெனியில் பதினாறு வருடமாக லைனில் நிற்கிறார்.

"ஒரு ஷிப்டுக்கு நானூறு சீட்டு என் கைய தாண்டிப் போவுது. ஒண்ணுல கூட குந்தினதில்ல. அதான் எனக்குன்னு ஒரு சீட்டு வாங்கினேன். கூடவே ஒரு காரும் வந்துச்சு" என்பார்.

கார், எண்பத்தொன்பதாம் வருடத்துக் கான்டசா. தாம்பரத்தில் ஒரு டாக்டர் பழைய இரும்புக்குப் போட இருந்ததை அக்கா கேட்டு வாங்கினார். பாலாடை நிறம். முன்பக்கம் கட்டில் போல நீளம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் ஒரகடம் ஆறு வழிச் சாலையில் நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டு ஓட்டுவார். அறுபதைத் தாண்ட மாட்டார். "வேகமா போனா ரோடு சீக்கிரம் தீந்துடும்" என்பது அவர் கணக்கு.

தொல்லைக்கும் குறைவில்லை. பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கும். மழை பெய்தால் கிளம்பாது, சோக்கை இழுத்துக் கெஞ்ச வேண்டும். ஒரு ரப்பர் வாசருக்குப் புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். "புள்ள பெத்து வளத்திருந்தா கூட இவ்ளோ அலஞ்சிருக்க மாட்டேன்" என்று திட்டிக்கொண்டே பனியன் துணியால் துடைப்பார். துடைக்காத நாள் கிடையாது.

போன செப்டம்பரில் பின் பிரேக் போயிற்று. அக்கா பின் சக்கரங்களைக் கழற்றி, வண்டியை வீட்டு வாசலில் கருங்கல் மேல் ஏற்றி வைத்துவிட்டு, பிரேக்குக்கான ரப்பர் வாசர் செட்டுக்காக மூன்று வாரம் காத்திருந்தார். அந்த நேரம் பார்த்து எங்கள் சாலையில் ஒரு புதுக் கம்பெனியின் திறப்பு விழா வந்தது. பெரிய மனிதர்கள் வரும் வழியைச் சுத்தம் செய்ய ஊராட்சிக்காரர்கள் கிளம்பினார்கள். அக்கா ஷிப்டு முடிந்து வந்து பார்த்தபோது வண்டியின் முன் மூடியில் மூலைக்கு மூலை மஞ்சள் பெயிண்டில் பெருக்கல் குறி. கண்ணாடியில் நோட்டீஸ்: கேட்பாரற்ற வாகனம், வெள்ளிக்கிழமை அகற்றப்படும்.

கேட்பாரற்ற வாகனமாம்! இரண்டடியில் வீட்டுக் கதவு. யாராவது தட்டிக் கேட்டார்களா? அதே சாலையில் மாதக்கணக்கில் பஞ்சராகி நிற்கிற கன்டெய்னர் லாரிகள் மேல் ஒரு சொட்டு மஞ்சள் கிடையாது.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். பி.இ. மெக்கானிக்கல். தெருவில் யாருக்கு மனு என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். இரண்டு பக்கம் எழுதி, அக்காவோடு போனேன். ஊராட்சி அலுவலகத்தில் மணிகண்டபிரபு என்ற ஊழியர் அதை வாங்கினார்.

"ஓனர் யாரு? வூட்டுக்காரர வரச் சொல்லும்மா."

"நான்தான் ஓனரு. புக்கு கீது, பாரு."

"பேரு உன்னுதா இருக்கும். ஓட்டறது யாரு?"

"லைசென்ஸும் கீது. அதுல இன்னா மீச வச்ச மூஞ்சியா கீது?"

அவர் மனுவில் ஒரு வரியின் மேல் விரல் வைத்தார். "தம்பி நல்லாத்தான் எழுதியிருக்காரு. 'மேற்படி வாகனம் மூன்று வாரங்களாக இயங்காத நிலையில் உள்ளது.' ஓடாத வண்டின்னு நீங்களே ஒத்துக்கினீங்க. ஓடுச்சுன்னா வெள்ளிக்கிழமைக்குள்ள ஓட்டிக்கினு போங்க. இல்லன்னா கிரேன் வரும்."

எனக்குக் காது சுட்டது. நடந்ததை ஒன்று விடாமல் எழுதினால் நியாயம் கிடைக்கும் என்று நம்பி எழுதிய வரி அது.

வெளியே வந்ததும் அக்கா சிரிக்காமல் சொன்னார். "இன்ஜினியரு, ஓடாதுன்னு எய்தி குடுத்துட்ட. வா, ஓட வுடலாம்."

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுப் புதுப்பேட்டைக்குப் போனார். ஆறாவது கடையில் வாசர் கிடைத்தது. வெள்ளிக்கிழமை விடிந்ததும் வண்டிக்கு அடியில் புகுந்துவிட்டார். என் பட்டத்துக்குக் கிடைத்த வேலை, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதிப்பது. குழாயில் புகுந்த காற்று வெளியேறினால்தான் பிரேக் பிடிக்கும்.

"மிதி... புடி... வுடாத! வுடாதன்னேன் இல்ல? இப்ப வுடு."

எட்டரைக்குக் கிரேன் வந்தது. முன்னால் பைக்கில் மணிகண்டபிரபு. ஒரு சக்கரம் இன்னும் மாட்டவில்லை.

"சங்கிலியப் போடுப்பா" என்றார்.

கிரேன் டிரைவர் மாரிராஜ் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். இறங்கி வந்து குனிந்து பார்த்தார். அடியில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"அடியில ஆளு கெடக்காவ சார். கேக்க ஆளில்லாத வண்டின்னுல்லா சொன்னிய?"

"வெளிய வரச் சொல்லு."

"எக்கா, இன்னும் எவ்வளவு நேரம் ஆவும்?"

"பத்து நிமிசம்ணா."

"அப்பம் நான் ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்." கிரேன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவர் நடந்துவிட்டார்.

சக்கரம் ஏறியது. கல் இறங்கியது. சோக்கை இழுத்து மூன்றாவது முறை சாவியைத் திருப்பியதும் கான்டசா இருமிக்கொண்டு கிளம்பியது. தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து, மணிகண்டபிரபுவின் பைக்குக்கு ஒரு சாண் முன்னால் கச்சிதமாக நின்றது.

"சரி, ஓடுது இல்ல? உள்ள தள்ளி வச்சிக்க" என்றார் அவர்.

"இந்த மஞ்சளு?"

"தின்னர் போட்டா போய்டும்."

"எனக்கும் தெரியும். பூசுன கை வந்து தொடைக்கட்டும்."

எட்டு மாதம் ஆகிறது. ஒருவரும் வரவில்லை. லீவு வார நாளில் விழுந்தால் அக்கா வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஊராட்சி அலுவலகத்துக்கு நேர் எதிரே, குறி உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிகிற மாதிரி நிறுத்துகிறார். முன் மூடியின் மேல் ஒரு தின்னர் பாட்டிலும் துவைத்து மடித்த பனியன் துணியும் வைத்துவிட்டு, காருக்குள் தன் சீட்டில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்.