சீட் கவர்க்காரி தைத்த சூப்பர் ஹீரோ

எங்கள் தெருமுனையில் கார்களுக்கு இருக்கை உறை தைக்கும் பட்டறை ஒன்று உண்டு. அங்கே தைப்பவளைச் சீட் கவர்க்காரி என்றுதான் கூப்பிடுவோம். அவள் தையல் அப்படிப்பட்ட தையல். ஒருமுறை ஒரு கார் பள்ளத்தில் உருண்டு, கதவு ஒரு பக்கம் கண்ணாடி ஒரு பக்கம் என்று சிதறிப் போனதாம். அவள் தைத்த உறைகள் மட்டும் ஒரு நூல் பிரியாமல் கிடந்தனவாம். கார்க்காரர் அவற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய், அந்த உறைகளுக்குப் பொருத்தமாக வேறொரு கார் வாங்கினாராம். நான் இதைக் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் இருபது பேரிடம் சொல்லியிருக்கிறேன், ஒருவர்கூட மறுக்கவில்லை.

அவளுக்கு ஆறு வயதில் ஒரு மகள். பட்டப்பெயர் பொட்டலம். வீட்டுக்கு யாராவது வந்தால் முழங்காலைக் கட்டிக்கொண்டு கதவுக்குப் பின்னால் சுருண்டு உட்கார்ந்துவிடுவாள். அதனால் வந்த பெயர். போன வருடம் பள்ளி மாறுவேடப் போட்டியில் அவளைக் கத்தரிக்காய் ஆக்கி மேடையில் ஏற்றினார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் கத்தரிக்காய் ஓவென்று அழுதுகொண்டு ஓடிவந்துவிட்டது. அதிலிருந்து வகுப்பில் பாட்டுச் சொல்லக்கூடப் பிள்ளை எழுந்திருப்பதில்லை.

இந்த வருடம் அவளே வந்து அம்மாவின் காதைக் கடித்தாள். "சூப்பர் ஹீரோ டிரஸ் தைச்சுக் குடும்மா. அதைப் போட்டா பயம் வராதுல்ல? நான் மேடை ஏறுறேன்."

"வரவே வராதுடி என் தங்கம்" என்று தாய் வாக்குக் கொடுத்துவிட்டாள். துணிக்கடையில் தயாராய் ஒன்று தொங்கத்தான் செய்தது. அதன் மடிப்பைப் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "இதைப் போட்டுட்டு உலகத்தைக் காப்பாத்தப் போனா, பாதி வழியிலயே பிரிஞ்சிடும்."

ஒரு வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்திலெல்லாம் பட்டறையில் உட்கார்ந்து தைத்தாள். சிவப்பிலும் நீலத்திலும் மிஞ்சிப்போன மெல்லிய ரெக்சின் துண்டுகள். விளிம்பெங்கும் கயிறுபோல உருட்டித் தைத்த மஞ்சள் பைப்பிங். காரை மூடும் வெள்ளித் துணியில் தோளிலிருந்து தொங்கும் போர்வை. மார்பில் வட்டமாக ஒரு ஸ்டியரிங். எல்லா இடத்திலும் இரட்டைத் தையல். பின்புறத்துக்கு மட்டும் கூடுதலாக ஸ்பாஞ்ச், விழுந்தால் வலிக்காதிருக்க.

போட்டியன்று காலை மகளைக் கட்டிலில் உட்காரவைத்து மாட்டிவிட்டாள். அடடா! வார்த்து எடுத்ததுபோல ஒரு சுருக்கம் இல்லை.

"இப்ப எழுந்து நில்லு பார்ப்போம்."

பிள்ளை நின்றாள். உடை நிற்கவில்லை. முழங்கால்கள் முன்னே புடைத்தன; பின்புறம் ஒரு சாண் பின்தங்கியது. காலி நாற்காலி ஒன்று நடக்கக் கிளம்பியது மாதிரி இருந்தது.

வேன் ஓட்டும் கணவர் சாவிக்கொத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "என்னடி இது? சூப்பர் ஹீரோ கேட்டா சோபா தைச்சு வச்சிருக்க!"

நடந்தது இதுதான். பதினைந்து வருடமாக அவள் அளவெடுத்ததெல்லாம் இருக்கைகளை. சாய்வு இவ்வளவு, அமர்வு இவ்வளவு, முன்தொங்கல் இவ்வளவு. கைப்பழக்கத்தில் மகளையும் வெட்டுமேசைமேல் உட்காரவைத்தே அளந்திருக்கிறாள். உட்கார்ந்த உடம்புக்கே வெட்டியும்விட்டாள். பிரித்துத் தைக்க ரெக்சின் இடம் கொடுக்காது. ஊசி இறங்கிய ஓட்டை மூடாது, சல்லடையாகிவிடும். போட்டிக்கோ இரண்டு மணி நேரம்தான் இருந்தது.

பொட்டலத்தின் உதடு துடித்தது. "நான் சரியா நிக்கலையாம்மா?"

வேறொருத்தியாக இருந்தால் வயிற்றை எக்கு, நேராக நில் என்று பிள்ளையைப் பிடித்து இழுத்திருப்பாள். இவள் தரையில் மண்டியிட்டாள். "நீ சரியாத்தான் நிக்கிற. தப்பு அம்மா எடுத்த அளவுல. ஏன்டி, உக்காந்துக்கிட்டே பறந்தா என்ன?"

"உக்காந்துக்கிட்டு யாராவது பறப்பாங்களா?"

"விமானத்துல போறவங்க எல்லாம் நின்னுக்கிட்டா போறாங்க?"

பிள்ளை அப்பாவைப் பார்த்தாள்.

"எழுந்து நின்னாத்தான் திட்டுவாங்க செல்லம்" என்றார் அவர், சிரிப்பை விழுங்கிக்கொண்டு.

தாய் பட்டறைக்கு ஓடினாள். வண்டிக்கடியில் பக்கத்துக் கடை மெக்கானிக் படுத்துச் சறுக்கிப் போகும் சக்கரப் பலகை ஒன்று அங்கே கிடந்தது. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, ஸ்பாஞ்ச் வைத்து, மிச்ச ரெக்சினை இழுத்து ஆணி அடித்து, சுற்றிலும் மஞ்சள் பைப்பிங் ஓட்டினாள். அரைமணி நேரம். அவள் கைவேகத்தில் மெக்கானிக்கின் தொப்பிக்கும் உறை விழுந்திருக்கும். மனிதர் சமயத்தில் நகர்ந்துகொண்டார்.

மேடையோரம் நின்ற டீச்சர், "குழந்தைய எழுந்து நிக்கச் சொல்லுங்கம்மா" என்றார்.

"நிக்காது டீச்சர். இது வேற மாடல்."

பெயரைச் சொல்லி அழைத்தார்கள். சீட் கவர்க்காரி பலகையை ஒரு தள்ளு தள்ளினாள். ரெக்சின் இழுத்துப் பழகிய கை அல்லவா! வெள்ளிப் போர்வை படபடக்கப் பொட்டலம் மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பாய்ந்து, எதிர்த்திரைக்குள் போய் மறைந்தாள்.

மேடை காலி. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தாய் எதிர்த்திரையை எட்டிப் பார்த்தாள். போன வருடம் அவளாக ஓடினாள். இந்த வருடம் நாமே தள்ளி ஓட்டிவிட்டோமே! சுற்றிக்கொண்டு போய்ப் பிடிக்க அவள் ஓரடி எடுத்து வைத்தாள்.

அப்போது எதிர்த்திரை அசைந்தது. குதிகால்களால் தரையை உந்தி உந்தி, சக்கரம் கிரீச்சிட, பொட்டலம் தானாகவே வந்தாள். நடுமேடையில் இரண்டு காலையும் ஊன்றிப் பிரேக் போட்டாள். சொல்லிக்கொடுத்த வசனம் வேறு. அவள் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னது வேறு.

"யாரும் பயப்படாதீங்க! நான் திரும்பி வந்துட்டேன்."

அன்றைய கைதட்டலில் பள்ளிக் கூரை நாலு விரற்கடை எழும்பி உட்கார்ந்தது என்று நான் சொன்னால் நம்ப வேண்டாம். பரிசு பல்துலக்கும் பிரஷ் வேடமிட்ட பையனுக்குப் போனது என்பதை மட்டும் நம்புங்கள். பொட்டலம் அதைக் கவனிக்கவே இல்லை. மேடையை விட்டு இறங்க மாட்டேன் என்று பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் ஒரு வாண்டு தன் அத்தையோடு பட்டறைக்கு வந்தது; அதே உடை வேண்டுமாம். சீட் கவர்க்காரி இஞ்ச் டேப்பை உதறி, "வாங்க, நேரா நில்லுங்க" என்றாள். இந்தமுறை பிசகக் கூடாது அல்லவா.

வாண்டு விறுவிறுவென்று வெட்டுமேசையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. "நானும் அந்த அக்கா மாதிரி உக்காந்துதான் பறப்பேன்."

அவள் அத்தையைப் பார்த்தாள், அத்தை கையை விரித்தாள். சீட் கவர்க்காரி டேப்பைத் தோளில் போட்டுக்கொண்டு அருகே வந்தாள்.

"சரி, முதுகைச் சாய்ச்சுக்கோ."