வரைய ஆள் இல்லை என்று அனுப்பினேன்

நோய் முதலில் என் காலில்தான் தெரிந்தது. ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு கத்தரித் தோட்டத்தில் என் போர்வெல் லாரி ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் முருகேசன் என் காலையே பார்த்தான்.

"மொதலாளி, ஒத்தச் செருப்போட நிக்கிறீங்க."

"ரெண்டும்தான் கெடக்கு. கண்ணை எங்கடா வச்சிருக்க?" என்றேன். கொஞ்ச நேரத்தில் வரப்பிலேயே சாய்ந்துவிட்டேன்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கல் உடைத்து, குழாய் சுமந்து, சொந்த லாரி வாங்கினேன். எங்கள் சுற்றுவட்டாரத்தில் நான் தண்ணீர் எடுத்துக் கொடுக்காத தோட்டம் குறைவு. பெருமைக்குத்தான் சொல்கிறேன். இப்பேர்ப்பட்டவனுக்கே வந்தது என்று, இதைப் படிக்கிற நீங்கள் தைரியமாக இருக்க வேண்டும்.

டாக்டர் சொன்னது பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தம் அடைபடுவது). இடது கையும் காலும் பலம் இழந்தன. அதோடு இடப்பக்கப் புறக்கணிப்பு (கண் நன்றாக இருக்கும், இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை விட்டுவிடும்). எனக்கு அது இல்லை என்று அவரிடமே சொன்னேன். இது வந்தவர்கள் பலரும் அப்படித்தான் சொல்வார்களாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து நாகல் நகரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தேன். பிசியோதெரபிஸ்ட் (கை கால்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்) ஸ்டெல்லா தன் நோயாளிகளை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துச் சவால் ஒன்று வைத்தார். ஒரு மாதம், தினமும் ஒரு படம். காலையில் அவர் எதை வரைய வேண்டும் என்று சொல்வார். நாங்கள் வரைந்து போட்டோ அனுப்ப வேண்டும். என் வலது கை திடமாக இருந்தது. குடம், சைக்கிள், தென்னை எல்லாம் ஒரே மூச்சில் போட்டேன். பென்சில் பிடித்துப் பழகாதவன் கோடு என்று யாரும் சொல்ல முடியாது.

ஸ்டெல்லா மட்டும் குறை சொன்னார்.

"அய்யா, கடிகாரத்துல எல்லா நம்பரும் வலப்பக்கமே நெருக்கிட்டு நிக்குதே?"

"பஸ்ஸுல கூட்டம்னா அப்படித்தான் தாயி நிப்பாங்க."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் கண்ணுக்குக் கடிகாரம் முழுசாக இருந்தது.

அந்த நாட்களில் என்னை வாட்டியது கை கால் அல்ல, தனிமை. மகன் திருப்பூரில், போனோடு சரி. என் மனைவி பாக்கியம் சோறு வைத்ததும் மறைந்துவிடுவாள். தட்டைக் காலி செய்துவிட்டு மறுசோறு கேட்டால், "இன்னும் பாதி அப்படியே இருக்கே" என்பாள். கஞ்சத்தனம் என்று நினைத்தேன். கட்டிலுக்கு வலப்பக்கம் இருந்த சமையலறை வாசலையே பார்த்துக் கிடப்பேன். "தண்ணி வேணுமாங்க?" என்று குரல் வரும், ஆள் வராது. சம்பாதிக்கிறவரைக்கும்தான் நமக்கு மரியாதை என்று முடிவுகட்டிவிட்டேன்.

ஒரு நாள் வரையச் சொன்னது, 'உங்களைக் கவனித்துக்கொள்பவர்.'

வெள்ளைத்தாளைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். கூடவே குரலையும் பதிந்து அனுப்பினேன்: "தனி ஆளா மேல வந்தவன் நான். இப்பவும் தனியாத்தான் கெடக்கேன். வரைய இங்க ஆள் இல்ல."

"அப்ப நா யாருங்க?" என்றது பாக்கியத்தின் குரல்.

சமையலறையைப் பார்த்துக் கத்தினேன். "அடுப்படியே கதின்னு கெடந்தா எப்படி? ஒரு நாளாவது வந்து உக்காந்தியா?"

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பாக்கியம் கட்டிலைச் சுற்றிக்கொண்டு என் வலப்பக்கம் வந்து நின்றாள்.

"ஒங்க எடது கையப் புடிச்சுக்கிட்டு அங்கனதான் உக்காந்திருந்தேன். தெனமும் அங்கனதான். அந்தப் பக்கம் இருந்தாத்தான் நீங்க திரும்புவீங்கன்னு ஸ்டெல்லா சொல்லுச்சு. நீங்க ஒரு தடவ கூடப் பாக்கல." மூச்சை இழுத்துக்கொண்டாள். "இனிமே அங்கிட்டு உக்கார என்னால ஏலாது."

அன்றைக்குத்தான் நோயை நம்பினேன்.

அதன் பிறகு அவள் வலப்பக்கமே இருந்தாள். வீட்டில் ஆள் இருப்பது சுகமாக இருந்தது. ஆனால் ஸ்டெல்லா உதட்டைப் பிதுக்கினார். "அம்மா இங்கயே இருந்தா அய்யா அங்கிட்டுத் திரும்பவே மாட்டாரு. அந்தப் பக்கம் போனது போனதுதான்."

நான்தான் சொன்னேன். "நீ அங்கிட்டே போயி உக்காரு, பாக்கியம். நா தேடி வாரேன்."

"வரலைன்னா?"

"கிள்ளி வையி."

"கிள்ளுனாலும் தெரியாதே ஒங்களுக்கு!" என்று சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். போனதும் காணாமல் போனாள்.

ஸ்டெல்லா தாளின் இடது ஓரத்தில் சிவப்புப் பட்டை ஒட்டிக் கொடுத்தார். அது தெரியும்வரை கழுத்தைத் திருப்பிய பிறகே பென்சிலை வைக்க வேண்டும். மற்றவர்களுக்கு வேறு வேறு படங்கள். எனக்கு மட்டும் தினமும் பாக்கியம். முதல் படத்தைப் பார்த்து, "ஒத்தக் காதாவது குடுத்தீங்களே" என்றாள். மாதக் கடைசியில் இரண்டு காதும் வந்துவிட்டன. அந்தப் படத்துக்கு விழுந்த கைதட்டல் குழுவில் வேறு யாருக்கும் விழவில்லை.

உங்கள் வீட்டில் இந்த நோய்க்காரர் ஒருவர், தன்னைப் பார்க்க யாரும் வருவதில்லை என்று சொன்னால் கோபப்படாதீர்கள். அவர் பொய் சொல்லவில்லை.

எனக்கு இடப்பக்கம் இன்னும் தானாக வருவதில்லை. ஒவ்வொரு முறையும் நினைத்துத் திரும்பிக் கூட்டிவர வேண்டியிருக்கிறது. திரும்பினால் பாக்கியம் இருக்கிறாள், என் கை அவள் மடியில் இருக்கிறது. முகத்தை நேரே வைத்தால் கையும் இல்லை, அவளும் இல்லை. திரும்புவதற்கு முன்னால் இருக்கும் அந்த நேரம் மற்றவர்களுக்கு ஒரு நொடிகூட இருக்காது. எனக்கு அதற்குள் வீடு காலியாகிவிடுகிறது.