மகளுக்காக நான் எழுதிய வீட்டுப்பாடம்

அன்று அந்த வகுப்பறையில் ஐந்து பேர்: நான், மனைவி, ஐந்து வயது மகள், ஆசிரியை, மூலையில் பிள்ளைகளின் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த உதவியாளர் அக்கா. கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியின் அரசாங்கப் பாலர் வகுப்பு அது. ஓர் இடம் காலியாகியிருக்கிறது, பிள்ளையோடு வாருங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள்.

மகள் அதுவரை போனது தனியார் பாலர் பள்ளிக்கு. அங்கே தினமும் நான்கு பக்கம் வீட்டுப்பாடம். காப்பார் பக்கம் லோரி ஓட்டிவிட்டு நான் வீடு சேர்வதற்குள் பென்சிலோடு தூங்கிப்போயிருப்பாள். குறையாக விட்டால் என்ன நினைப்பார்களோ என்று மீதியை நானே, பிள்ளை எழுத்துப் போலத் தெரிய, இடது கையால் எழுதிவைப்பேன். நான் படிவம் இரண்டோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, படிப்பை நிறுத்தியவன். எழுதாத பிள்ளை என்னைப் போல ஆகிவிடும் என்று பயம். என் இடது கைக்கு நட்சத்திரம் கிடைத்தது. கெட்டிக்காரி என்று மகளை ஆறு வயது வகுப்பில் தூக்கிப் போட்டார்கள். நான்கு பக்கம் ஏழானது. அதன்பிறகு காலையானால் வயிறு வலிக்கிறது என்று அழுவாள். அதனால்தான் இங்கே வந்தோம்.

ஆசிரியை மரக்கட்டைகளை அவள் முன் கொட்டி, “விளையாடும்மா” என்றார்.

மகள் கைகட்டி உட்கார்ந்து, “எத்தனாவது பக்கம், டீச்சர்?” என்றாள்.

இடம் போய்விடுமோ என்று பதறி அவளுடைய நோட்டுகளை நீட்டினேன். ஆசிரியை புரட்டினார்.

“எல்லாம் இவளா எழுதினா?”

மனைவி என்னைப் பார்த்தாள். “சொல்லுங்க. உங்க ஹோம்வொர்க்தானே.”

சொன்னேன்.

“அண்ணனுக்கும் ஒரு சின்ன நாற்காலி போட்டுடலாம் லா, டீச்சர்” என்றார் உதவியாளர் அக்கா.

ஆசிரியை சிரிக்கவில்லை. “இங்க முதல்ல மாவு, மண்ணு, கட்டைதான். விரல் பலமாகட்டும், அப்புறம் எழுதுவா.”

“மத்த பிள்ளைங்க வாசிக்கிறப்ப இவ முழிச்சா?” என்றேன்.

“நீங்க பயந்துக்கிட்டே இருங்க. நான் கையெழுத்துப் போடுறேன்” என்று மனைவி சேர்க்கைப் படிவத்தை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் மகளை நிறுத்துவதாகத் தனியார் பள்ளியில் சொல்லப் போனேன். “நல்லா எழுதுற பிள்ளையைக் கெடுத்துடாதீங்க” என்றார் அங்கிருந்த நிர்வாகி அம்மா. எழுதியது யார் என்று சொல்ல வாய் வரவில்லை. பாதியில் நிறுத்தினாலும் அந்தத் தவணை முடியும்வரைக்கான கட்டணம் முழுதும் கட்டவேண்டுமாம். கையிலிருந்ததைக் கொடுத்தேன். இன்னும் பாக்கி எழுநூற்று அறுபது வெள்ளி.