உயிரோடு இருந்தவனுக்கு ஒரு ஒப்பாரி

டார்ச் லைட் எரியவில்லை என்று போன வாரம் அதன் பின்மூடியைத் திருகினேன். உள்ளே பேட்டரிக் கட்டைகள் ஒழுகி, வெள்ளையாகப் பூத்துக் கிடந்தன. அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் பல்கலைக்கழகத்து டேப் ரெக்கார்டர் ஞாபகம் வந்துவிட்டது. துறைக்கே அது ஒன்றுதான். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு திருவிடைமருதூரில் பஸ்ஸை விட்டு இறங்கினால், பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டிப் போகிற மாதிரி அத்தனை பதவிசாக நடப்பேன்.

நான் படித்தது எம்.ஏ., மொழியியலும் ஒப்பிலக்கியமும். எங்கள் தெருவில் காலேஜுக்குப் போன முதல் பெண் நான்தான். போனதும் போனேன், யாருக்கும் விளங்காத படிப்பாகப் பார்த்துப் போனேன். மேடைக்கு மேடை தமிழ் முழங்கிய காலம் வேறு. "தமிழுக்குப் படிக்கிறியா? அப்ப நீயும் கட்சியில பேசப் போறியா?" என்று டீக்கடைக்காரர் கேட்டார். அப்பாவுக்கு வேறு சந்தேகம். "பேசத் தெரிஞ்ச புள்ளைக்குப் பேச்சைப் பத்தி ரெண்டு வருஷம் என்னத்தச் சொல்லித் தருவாங்க?" 

ஆய்வேட்டுக்கு நான் எடுத்துக்கொண்டது ஒப்பாரி. எங்கள் ஊர்ப் பெண்கள் பாடுவதையும், மலையாளத்தில் அச்சாகியிருந்த சாவுப் பாட்டுகளையும் ஒப்பிட வேண்டும். பேராசிரியர் நல்ல மனிதர், காது மட்டும் கறார். "கேட்டதற்காகப் பாடுவது வேறம்மா. நிஜமாக அழுது பாடினது ஒன்றாவது கொண்டு வாங்க. முதல் வகுப்பும் கிடைக்கும், ஆராய்ச்சிக்கு இடமும் கிடைக்கும்" என்றார். அதற்காக யாராவது சாகட்டும் என்று காத்திருக்க முடியுமா?

அது கூலிப் போராட்டம் நடந்த வருஷம். அறுவடைக்குக் கூடுதல் நெல் கேட்டு எங்கள் ஆட்கள் வேலையை நிறுத்தினார்கள். மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கினார். வரப்பில் மறியல், அடிதடி. முன்னால் நின்றவன் என் அண்ணன். போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போனது. எங்கே வைத்திருக்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அம்மா தினமும் ஸ்டேஷன் ஸ்டேஷனாக ஏறி இறங்கினாள். டேப்பைத் திருப்பிக் கொடுக்கவேண்டிய கெடுவும் நெருங்கிவிட்டது. "ஒக்காந்து அழுதா மட்டும் அவன் வந்துருவானா? வாடி, ஒன் படிப்பையாவது பாப்போம்" என்று பெரியம்மாதான் என்னைக் கிளப்பினாள்.

எங்கள் பக்கம் சாவு விழாத வீட்டில் ஒப்பாரி எடுக்க மாட்டார்கள். எடுத்தால் சாவு தேடி வருமாம். அதனால் பெரியம்மா நாலைந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஊருக்கு வெளியே வாய்க்கால் மதகடிக்குப் போனாள். எப்போதோ போய்ச் சேர்ந்த தன் மாமியாரை நினைத்துப் பாடினாள். இருந்த காலத்தில் இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. பாட்டில் மட்டும் மாமியார் தங்கமாக இருந்தார். மற்றவர்கள் தோளைக் கட்டிக்கொண்டு கூடவே பாடினார்கள்.

அன்றைக்கு அம்மா கும்பகோணம் வரை போய் விசாரித்துவிட்டு வாய்க்கால் கரையோடு வந்துகொண்டிருந்தாள். தூரத்தில் ஒப்பாரிச் சத்தம். கிட்டே வந்து பார்த்தால் எங்கள் தெருப் பெண்கள், நடுவில் நான்.  மாரில் அறைந்துகொண்டு ஓடிவந்து எங்கள் நடுவில் விழுந்து, அண்ணன் பேரைச் சொல்லிப் பாட ஆரம்பித்துவிட்டாள். பெரியம்மா அவளைப் பிடித்து உலுக்கி, "அடியே, புள்ளைக்கு ஒண்ணுமில்லடி, இது படிப்புக்காகப் பாடுறது" என்று புரியவைப்பதற்குள் ஒரு பாட்டு முழுசாகப் போய்விட்டது. டேப் அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் தகவல் வந்தது. அண்ணன் ஜெயிலில் இருக்கிறான், உயிருக்குப் பழுதில்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"அதுல நான் பாடுனது இருக்கா?"

"இருக்கும்மா."

"உசுரோட இருக்குற புள்ளைக்குப் பாடுனது. அது இருக்கக் கூடாது. அழிச்சிடு."

பேராசிரியர் கேட்டது அதைத்தான். "எழுதி வச்சிக்கிட்டு அழிக்கட்டுமா?" என்று கேட்டுப் பார்த்தேன். "எழுதுனாலும் இருக்குறதுதானே" என்றாள். டேப்பை அந்தப் பாட்டு தொடங்குகிற இடத்துக்குத் திருப்பினேன். பிறகு ரெக்கார்டு பொத்தானை அமுக்கி அடுப்படியில் வைத்தேன். பாட்டின் மேல் அம்மா அரிசி புடைக்கிற சத்தமும், ரேஷனில் மண்ணெண்ணெய் போடவில்லை என்கிற பேச்சும் பதிவாயின. பேராசிரியர் அதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது என்ன வகைப் பாட்டம்மா?" என்றார்.

இரண்டாம் வகுப்புதான் வந்தது. ஆராய்ச்சி இடம் வேறொருவருக்குப் போனது. நான் பள்ளிக்கூட வேலைக்குப் போனேன். வருத்தமில்லை என்று சொன்னால் பொய்.

பெரியம்மாவும் அந்தப் பெண்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். எல்லோருக்கும் கடைசியில் அம்மா. அன்று தெருவெல்லாம் கார். எங்கள் பிள்ளைகளில் இன்று என்ஜினியர் உண்டு, நர்ஸ் உண்டு, பேங்க் வேலை உண்டு. குளிர்பெட்டியைச் சுற்றிப் பெண்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், பாட்டெடுக்க ஆளில்லை. "அத்தை, நீங்க ஒப்பாரியிலதானே எம்.ஏ. பண்ணீங்க. ரெண்டு அடி எடுத்து விடுங்களேன்" என்றாள் ஒருத்தி. கேலியில்லை, நிஜமாகத்தான் கேட்டாள். ஒப்பாரியின் அடி, தொடை எல்லாம் எனக்கு அத்துப்படி. வாயைத் திறந்தேன், வரவில்லை.

அண்ணன் பெட்டிக் கண்ணாடியைத் தடவிக்கொண்டே நின்றான். பிறகு என் பக்கம் குனிந்து மெல்லக் கேட்டான்.

"அன்னைக்கு அம்மா எனக்குப் பாடுச்சே, அதுல ஒரு அடியாச்சும் நெனவிருக்கா? அதையே அதுக்குப் பாடிடலாம்."

"இல்லண்ணே" என்றேன்.